கேஸ் ஷீட் கணினிக்குள் போனால் நோயாளிக்கு என்ன கிடைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பொது மருத்துவம் பார்ப்பவன். பேப்பர் கேஸ் ஷீட்டில் எழுதிப் பழகி, பாதி வழியில் கணினிக்கு மாற்றப்பட்ட தலைமுறை. வார்டில் நர்ஸ்கள், பி.ஜி. மாணவர்கள், சில சமயம் நோயாளியின் மகனோ மகளோ என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கேட்டவர்களின் எரிச்சலையும் முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

மின்னணு மருத்துவப் பதிவேடு என்று பெரிதாகச் சொல்கிறார்கள். பழைய ஃபைலை ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக வைத்தால் போதாதா?

போதாது. பி.டி.எஃப். என்பது காகிதத்தின் போட்டோ, அவ்வளவுதான். எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவுத் துறை) அலமாரியில் இருந்த தூசி குறையும், இடம் மிச்சமாகும். ஆனால் "போன வருஷம் நம்மிடம் வந்த சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்கு கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.5க்கு மேல்?" என்று கேட்டால் அந்தப் போட்டோவால் பதில் சொல்ல முடியாது. கிரியாட்டினின் எண்ணாக, அதற்குரிய கட்டத்தில், தேதியோடும் அளவுமுறையோடும் உட்கார்ந்திருந்தால்தான் கணினி அதைத் தேடும், கூட்டும், ஒப்பிடும்.

அளவுமுறை என்று சொல்வது வெறும் சம்பிரதாயத்துக்கு இல்லை. லண்டனிலிருந்து லீவுக்கு வந்த ஒருவர் "எனக்கு வெறும் வயிற்றில் சுகர் 7தான் டாக்டர்" என்றால், அங்கே மில்லிமோல் கணக்கு. நம்ம ஊர் கணக்கில் அது 126, அதாவது சர்க்கரை நோய் என்று சொல்லும் எல்லைக்கோடு. மனிதனுக்கு இது உடனே புரியும். கணினிக்கு யாராவது சொல்லித் தர வேண்டும். அதற்காகத்தான் லேப் பரிசோதனைகளுக்கு லோயிங்க், நோய்ப் பெயர்களுக்கு ஐ.சி.டி., ஸ்னோமெட் சி.டி. என்று பொதுவான குறியீடுகள் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2013லேயே மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கான தர விதிகளை வெளியிட்டு, 2016ல் திருத்தியும் விட்டது. நடைமுறையில் எத்தனை மென்பொருள் அதன்படி நடக்கிறது என்பதை உங்கள் மருத்துவமனையில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஆதாரம் சார்ந்த மருத்துவம் என்றால்? அதுவரை டாக்டர்கள் ஆதாரம் இல்லாமலா பார்த்தார்கள்?

இந்தக் கேள்வியில் இருக்கும் குத்தல் புரிகிறது. 1990களின் தொடக்கத்தில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கையாட் இந்தப் பெயரைக் கொண்டுவந்தபோது மூத்த மருத்துவர்கள் பலர் கேட்டதும் இதையேதான். 1996ல் டேவிட் சாக்கெட்டும் சகாக்களும் பொறுமையாக விளக்கம் எழுதினார்கள்: கிடைப்பதிலேயே நல்ல ஆய்வு முடிவு, மருத்துவரின் சொந்த அனுபவம், நோயாளியின் விருப்பம், மூன்றையும் சேர்த்து முடிவெடுப்பது. இதில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் கோணலாகிவிடும்.

சரி, பதிவேட்டுக்கும் ஆதாரம் சார்ந்த மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம்?

போக்கு, வரத்து என்று இரண்டு பாதை இருக்கிறது. ஆய்வு முடிவு தெரிய வேண்டிய நேரத்தில் டாக்டர் கண்ணில் படுவது ஒரு பாதை. நாம் பார்க்கும் நோயாளிகளின் பதிவுகளிலிருந்தே புதிய ஆதாரம் பிறப்பது இன்னொன்று.

முதல் பாதைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் மிகப் பழையது. 1976. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் கிளெமென்ட் மெக்டொனால்ட் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயாளி உள்ளே வருவதற்கு முன் கணினி பதிவேட்டைப் பார்த்து, "இவருக்கு இந்த மருந்து போகிறது, பொட்டாசியம் பார்க்கவில்லை" என்பது போன்ற குறிப்புகளைத் தாளில் அச்சடித்துக் கொடுக்கும். குறிப்பு கிடைத்தபோது கவனிக்க வேண்டிய விஷயங்களில் 51 சதவீதத்தைக் கவனித்தார்கள். குறிப்பு இல்லாதபோது 22 சதவீதம். அதே மருத்துவர்கள்தான் இரண்டு பக்கமும். முதல் வருஷ பயிற்சி மருத்துவரா, மூன்றாம் வருஷமா என்பதால் வித்தியாசம் வரவில்லை. முதலில் குறிப்போடு வேலை செய்துவிட்டுப் பிறகு இல்லாமல் செய்தவர்களும் கற்றுக்கொண்டு மேம்பட்டுவிடவில்லை. தாளை எடுத்ததும் பழைய நிலைதான்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெரிய ஆறுதல் கிடைத்தது. அவர் சொன்ன காரணம் அறியாமையோ அலட்சியமோ இல்லை. ஒரு மனிதத் தலையால் ஒரே நேரத்தில் இத்தனை தகவலைக் கையாள முடியாது என்பதுதான். காலை ஓ.பி.யில் எண்பது சீட்டு பார்த்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

வெளிநாட்டுக் கதையாகவே இருக்கிறதே. நம்ம ஊரில் பதிவேட்டிலிருந்து ஆதாரம் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது, அதுவும் உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் மேற்கோள் காட்டும் அளவுக்கு. மதுரையில் 1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கதை அது.

கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அபூர்வமாகக் கண்ணுக்குள்ளேயே கிருமி புகுந்து சீழ் பிடிக்கும். எண்டாஃப்தால்மைட்டிஸ் என்பார்கள். பார்வையே போய்விடலாம். ஆபரேஷன் முடியும் தறுவாயில் கண்ணுக்குள்ளேயே ஒரு துளி ஆண்டிபயாடிக் செலுத்தினால் இதைத் தடுக்கலாம் என்று 2007ல் ஐரோப்பாவில் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. செஃபுராக்ஸிம் என்ற மருந்து, தொற்று ஏறக்குறைய 5 மடங்கு குறைவு. ஆனால் அந்த ஆய்வில் மருந்து போடாதவர்களுக்கு வந்த தொற்று விகிதமே அதிகம் என்று பலர் குறை சொன்னார்கள். மேலும் இங்கே கைவசம் இருந்தது மாக்ஸிஃபிளாக்ஸசின் என்ற வேறொரு ஆண்டிபயாடிக். அது வேலை செய்யுமா?

இதற்குப் புதிதாக ஒரு ஆய்வு நடத்தலாமே என்றால், சிக்கல் எண்ணிக்கையில். பத்தாயிரம் கண்ணுக்கு ஏழு என்ற அளவில் வரும் நோய் இது. ஏழு இரண்டாகக் குறைகிறதா என்று பார்க்க, வழக்கமான புள்ளியியல் கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கே சுமார் 28,000 பேர் வேண்டும். எந்த மருத்துவமனையால் முடியும்?

அரவிந்தில் முடிந்தது, ஏனென்றால் அங்கே ஆபரேஷன் எண்ணிக்கையும் இருந்தது, ஒவ்வொன்றும் மின்னணுப் பதிவேட்டிலும் இருந்தது. 2014 ஜனவரி முதல் 2016 மே வரை, 29 மாதங்களில், 10 கிளை மருத்துவமனைகளில் நடந்த கண்புரை ஆபரேஷன் அத்தனையையும் எடுத்தார்கள். மொத்தம் 6,17,453 கண்கள். மருந்து செலுத்தாத 3,02,815 கண்களில் 214க்குத் தொற்று, 0.07 சதவீதம். செலுத்திய 3,14,638 கண்களில் 64, அதாவது 0.02 சதவீதம். மூன்றரை மடங்கு குறைவு. 2017ல் கட்டுரையாக வெளிவந்தது.

இதில் நான் ரசிப்பது அந்த 64ஐயும் 214ஐயும்தான். ஆறு லட்சத்தில் 278 பேரைத் தவறாமல் பிடித்திருக்கிறார்கள் என்றால், ஆபரேஷன் பதிவும், பிறகு கண் சிவந்து வலியோடு திரும்பி வந்தபோது போட்ட பதிவும் ஒரே நோயாளி எண்ணின் கீழ் ஒட்டியிருக்கிறது. மருந்து போட்டது போடாதது "மற்றவை" கட்டத்தில் யாரோ கிறுக்கியதாக இல்லாமல் தனிக் கட்டமாக இருந்திருக்கிறது. மேசையில் இருந்த யாரோ ஒருவர் ஒவ்வொரு கேஸுக்கும் அதைச் சலிக்காமல் குறித்திருக்கிறார். கட்டுரையில் அவர் பெயர் வராது.

குறை இல்லையா? இருக்கிறது. குலுக்கல் போட்டு இரண்டு அணியாகப் பிரித்த ஆய்வு இல்லை இது. மருந்து வந்த அதே காலத்தில் வேறு ஏதாவதும் மாறியிருக்கலாம். ஆனால் ஐரோப்பிய ஆய்வு சொன்ன திசையிலேயே இதுவும் போகிறது, எண்ணிக்கையோ மலைபோல. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம்பிக்கை வருகிறது.

ஒரே ஒரு நோயாளிக்காக, அவர் படுக்கையில் இருக்கும்போதே, பழைய பதிவுகளில் தேடி முடிவெடுக்கலாமா?

2011ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் அப்படிச் செய்து, அதை வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள். 13 வயதுச் சிறுமி. லூபஸ் நோய், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவது. சிறுநீரில் புரதம் கொட்டுகிறது, கணையத்தில் வீக்கம், ரத்தம் உறையத் தூண்டும் எதிர்ப்பொருள்களும் இருக்கின்றன. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டி வந்துவிடுமோ என்று பயம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து கொடுத்தாலோ ரத்தக்கசிவு பயம். புத்தகத்தில் வழிகாட்டல் இல்லை, ஆய்வுக் கட்டுரைகளிலும் இல்லை, சக மருத்துவர்களைக் கேட்டால் அவர்களிடமும் உறுதியான பதில் இல்லை.

ஜெனிஃபர் ஃபிராங்கோவிச் என்ற மருத்துவர் தங்கள் மருத்துவமனையின் மின்னணுப் பதிவேட்டைத் திறந்தார். ஐந்து வருஷத்தில் வந்த குழந்தை லூபஸ் நோயாளிகள் 98 பேர். அதில் 10 பேருக்கு ரத்தக்கட்டி வந்திருந்தது. சிறுநீரில் தொடர்ந்து புரதம் போனவர்களிடமும் கணைய வீக்கம் வந்தவர்களிடமும் அது அதிகம். தேடி முடிக்க நாலு மணி நேரம்கூட ஆகவில்லை. அட்மிட் ஆன 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிவிட்டார்கள். சிறுமிக்குக் கட்டியும் வரவில்லை, மருந்தால் கெடுதலும் வரவில்லை.

அப்புறம் அவர்களே ஒரு நேர்மையான வரி எழுதினார்கள்: ஒரு நோயாளியை வைத்து எங்கள் முடிவு சரி என்று சொல்ல முடியாது. உண்மைதான். மருந்து கொடுக்காமலிருந்தாலும் அவளுக்கு வராமல் போயிருக்கலாம். ஆனால் "எனக்கு நினைவிருக்கிற வரைக்கும் அப்படி ஒரு கேஸ்..." என்று மூத்தவர் ஒருவர் நெற்றியைத் தடவிக்கொண்டு சொல்வதைவிட 98 பேரின் பதிவு மேல் என்று நான் நினைக்கிறேன். நெற்றியைத் தடவுகிற வயதுக்கு நானும் வந்துவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்லலாம்.

அப்படியானால் இனி குலுக்கல் முறை ஆய்வெல்லாம் எதற்கு? பதிவேடே போதுமே?

இந்த இடத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பதிவேடு சொல்வது நடந்ததை. ஏன் நடந்தது என்று அது சொல்லாது.

1990களின் நடுவில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து, யார் இறக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று கற்கச் சொன்னார்கள். அது கற்றுக்கொண்ட விதிகளில் ஒன்று: ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு! எந்த மருத்துவ மாணவரும் சிரிப்பார். உண்மையில், ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்றால் டாக்டர்கள் பதறிப்போய் நேரே ஐ.சி.யு.வுக்கு அனுப்பினார்கள், அங்கே நல்ல கவனிப்பு கிடைத்தது, பிழைத்தார்கள். அந்தப் பதற்றம் பதிவேட்டில் எந்தக் கட்டத்திலும் இல்லை. கணினியை நம்பி "ஆபத்து குறைவு, வீட்டுக்குப் போங்கள்" என்று ஆஸ்துமாக்காரரை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நல்லவேளையாக ரிச் கரூவானா முதலான ஆய்வாளர்கள் அதைக் கவனித்து, எச்சரிக்கையாக இன்றுவரை சொல்லிவருகிறார்கள்.

கோவிட் காலத்தில் இந்த இரண்டு முகத்தையும் ஒரே மாதத்தில் பார்த்தோம். 2020 மே 22 அன்று லான்செட் இதழில் ஒரு கட்டுரை. 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகளின் மின்னணுப் பதிவுகளை அலசியதாகவும், அப்போது கோவிட்டுக்குக் கொடுத்துவந்த ஹைட்ராக்சி குளோரோகுயின் மருந்து கெடுதல் செய்வதாகவும் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அந்த மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. பிறகு மூலத் தரவைக் காட்டுங்கள் என்றால், சர்ஜிஸ்ஃபியர் என்ற அந்த நிறுவனம் காட்டவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மருந்து பயனில்லை என்று பிறகு முறையான ஆய்வுகளும் சொன்னது வேறு விஷயம். யாரும் பார்க்காத பதிவேட்டின் பெயரால் உலகத்தையே திருப்ப முடிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதே ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் முடிவை அறிவித்தது. அவர்கள் குலுக்கல் முறையையும் பதிவேட்டையும் சேர்த்துவிட்டார்கள். வார்டில் வேலை செய்பவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தைச் சுருக்கமாக வைத்து, 28 நாளில் நோயாளி என்னவானார் என்பதைப் பெரும்பாலும் தேசிய சுகாதார சேவையின் வழக்கமான பதிவுகளோடு இணைத்துத் தெரிந்துகொண்டார்கள். டெக்ஸாமெத்தசோன் பெற்ற 2,104 பேர், வழக்கமான சிகிச்சை பெற்ற 4,321 பேர். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில்கூட சில ரூபாய்க்குக் கிடைக்கும் மருந்து அது. பயன் இல்லை என்ற இரண்டாவது பாதியைக் கேட்காமல், லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் இரண்டாம் அலையில் எத்தனை பேர் என்று இங்கே எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

எதை கிளிக் செய்தாலும் ஒரு அலர்ட். படிக்காமலேயே மூடிவிடுகிறேன். தப்பா?

தப்பு. ஆனால் உங்கள் தப்பு மட்டும் என்று சொல்ல மாட்டேன். மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்களால் ஒதுக்கித் தள்ளப்படுகின்றன என்று 2006லேயே பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். பாராசிட்டமாலுக்கும், ரத்தக்கசிவு வரவைக்கக்கூடிய வார்ஃபரினுக்கும் ஒரே சிவப்புக் கட்டம், ஒரே சத்தம் என்றால் கை தானாக "சரி" பொத்தானுக்குப் போகத்தான் செய்யும்.

அதன் விலை என்ன என்பதற்கு 2013ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் பெரிய மருத்துவமனை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். 16 வயதுப் பையன். செப்ட்ரா என்ற ஆண்டிபயாடிக் மாத்திரை, வேளைக்கு ஒன்று போதும். டாக்டர் 160 என்று அடித்தார், மில்லிகிராம் என்று நினைத்து. அந்தக் கட்டமோ எடைக்கணக்கில் நின்றது: ஒரு கிலோ எடைக்கு 160. பையன் எடை 38.6 கிலோ. கணக்கு 38½ மாத்திரை என்று வந்தது. அலர்ட் அடித்தது. டாக்டர் மூடினார். மருந்தாளுநருக்கும் அடித்தது. அவரும் மூடினார். மருந்து கட்டும் இயந்திர மனிதன் ஒரு பிழையும் இல்லாமல் 38½ மாத்திரையைக் கட்டிக் கொடுத்தது. நர்ஸுக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் பார்கோடு "சரி" என்றது, கொடுத்துவிட்டார். பையனுக்கு வலிப்பு வந்தது. பிழைத்துக்கொண்டான்.

எங்கள் இடத்தில் இதைப் பேசியபோது வயதான சிஸ்டர் ஒருவர், "கையால் எழுதியிருந்தால் 38½ என்று எழுதும்போதே சிரிப்பு வந்திருக்கும்" என்றார். அதனால் அலர்ட்களைக் குறையுங்கள் என்று உங்கள் மருந்துக் குழுவிடம் போராடுங்கள். உயிருக்கு ஆபத்தானவை மட்டும் வேலையை நிறுத்த வேண்டும், மற்றவை ஓரத்தில் சின்னதாக இருந்தால் போதும். எந்த அலர்ட்டை எத்தனை பேர் மூடுகிறார்கள் என்ற கணக்கும் மென்பொருளிலேயே இருக்கும், கேட்டு வாங்குங்கள். நூற்றுக்கு 95 பேர் மூடும் அலர்ட்டைத் தூக்கிவிடலாம்.

நர்ஸ் நாங்கள். நோயாளியைப் பார்ப்பதா, டைப் அடிப்பதா? யாருக்காக இத்தனை கட்டம்?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதி மன்னிப்புதான் இருக்கிறது. கட்டங்களில் பாதி யாரோ ஒரு அதிகாரி மாதாந்திர அறிக்கைக்காகச் சேர்த்தவை, நோயாளிக்குப் பயன்படாதவை. அவற்றை எடுக்கச் சொல்வது உங்கள் உரிமை.

ஆனால் மீதிப் பாதியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் ஒரு வார்டின் மூன்று மாதப் பதிவை எடுத்துப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லாருக்கும் பி.பி. 120/80. மூச்சு எண்ணிக்கை எல்லாருக்கும் 18. ஒருவர் மூச்சுத்திணறலோடு ஐ.சி.யு. போன அன்று காலையும் 18. டாக்டர்கள் யோக்கியமா என்றால், அதே நோயாளிக்கு "வயிறு மென்மையாக உள்ளது" என்ற வரி ஐந்து நாள் தொடர்ந்து காப்பி பேஸ்ட் ஆகியிருந்தது. நடுவில் மூன்றாம் நாள் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. அந்த வரிகளில் ஒன்று நான் அடித்தது.

பதிவேட்டில் 18 இருந்தால், நோயாளி மோசமாகிறாரா என்று கணக்கிடும் எந்த எச்சரிக்கை மதிப்பெண்ணும் அசையாது. மூச்சை ஒரு நிமிஷம் நின்று எண்ணி 28 என்று போட்டால் அசையும். பார்க்க முடியவில்லை என்றால் காலியாக விடுங்கள். காலி இடத்தை வைத்து யாரும் ஏமாற மாட்டார்கள், பொய் எண்ணை வைத்து ஏமாறுவார்கள். அப்புறம், உங்கள் நிர்வாகம் காலியாக விட்டால் திட்டுகிறது என்றால், 120/80 வியாதி எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கு விளங்கச் சொல்லுங்கள்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே?

விற்பவர் சொல்வார். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எங்கள் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தீர்களா? அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் பயன்படுத்திய எபிக் மென்பொருளில் செப்சிஸ் என்ற கிருமித்தொற்று அபாயத்தை முன்கூட்டியே சொல்லும் கருவி ஒன்று இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021ல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது கண்டுபிடிக்கவே இல்லை. அதே நேரம் அட்மிட் ஆனவர்களில் 18 சதவீதம் பேருக்கு அலர்ட் அடித்துக்கொண்டிருந்தது. மேலே அலர்ட் பற்றிச் சொன்னதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய மருத்துவமனைக்குத்தானே இதெல்லாம்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. மாத்திரை கொடுப்பதற்கு என்ன ஆதாரம், என்ன பதிவேடு?

எனக்கு இங்கேதான் லாபம் அதிகம் என்று படுகிறது. ரத்த அழுத்தத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஆதாரம் ஒன்றும் பாக்கி இல்லை. எந்த மாத்திரை, எவ்வளவு, குறையாவிட்டால் அடுத்து என்ன என்பதெல்லாம் தெரியும். பிரச்சினை, நோயாளி இரண்டாவது மாதம் வருவதில்லை. வராதது நமக்குத் தெரிவதும் இல்லை.

2017 நவம்பரில் தொடங்கி முதலில் ஐந்து மாநிலங்களின் சில மாவட்டங்களில் நடந்த இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் இதைத்தான் குறிவைத்தது. மாநிலத்துக்கு ஒரே சிகிச்சை வரிசை, போனில் ஓடும் எளிய செயலியில் பி.பி.யும் மருந்தும், தேதி தாண்டியும் வராதவர்களின் பட்டியல். நர்ஸ் அந்தப் பட்டியலை வைத்துப் போன் செய்வார். 140/90க்குக் கீழே எத்தனை பேர் வந்தார்கள் என்பதை ஒவ்வொரு நிலையமும் தன் கண்ணாலேயே பார்க்கும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்னும் ஒரு படி தாண்டி, மாத்திரையையே வீட்டுக்குக் கொண்டுபோகிறது. அங்கேயும் வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் கையில் இருப்பது ஒரு பட்டியல்தான். அந்தப் பட்டியலில் பி.பி. எண் உண்மையாக இருந்தால் மருந்தைக் கூட்ட வேண்டியவர் யார் என்று டாக்டருக்குத் தெரியும். மாத்திரை கொடுத்ததற்கு மட்டும் டிக் போட்டால், பல வருஷம் மாத்திரை போய்ச் சேரும், பி.பி. 170லேயே நிற்கும்.

நோயாளியாக நான் என்ன செய்ய வேண்டும்? என் விவரத்தை யார் யார் பார்ப்பார்கள்?

மஞ்சப்பையில் பழைய ரிப்போர்ட்களைக் கட்டி எடுத்து வரும் பழக்கத்தை இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள். ஒரு மருத்துவமனையின் கணினியும் இன்னொன்றின் கணினியும் நம் நாட்டில் பெரும்பாலும் பேசிக்கொள்வதில்லை. 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுக்கத் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் ஆபா என்ற 14 இலக்க சுகாதாரக் கணக்கு எண் வாங்கிக்கொள்ளலாம். உங்கள் ஒப்புதலோடு பதிவுகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வதற்காக அது. ஒப்புதல் கேட்கும் திரை வந்தால் யார் கேட்கிறார்கள், எத்தனை நாளுக்கு என்று படித்துவிட்டு அழுத்துங்கள். கொடுத்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறவும் செய்யலாம். 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அந்த உரிமையைச் சொல்கிறது.

இன்னொன்று, டிஸ்சார்ஜ் சம்மரியை வீட்டுக்குப் போகும் முன் படியுங்கள். அலர்ஜி என்ற இடத்தில் "இல்லை" என்று போட்டிருந்து, உங்களுக்குப் பென்சிலின் ஊசியில் உடம்பு முழுக்கத் தடித்தது உண்டு என்றால், அங்கேயே நின்று திருத்தச் சொல்லுங்கள். "பரவாயில்லைம்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றால் நகராதீர்கள். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அடுத்த டாக்டரின் கணினி வாயை மூடிக்கொண்டிருக்கும்.

எங்கள் கிளினிக்கில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு பழைய கணினி. எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு கேள்வியோடு. உதாரணமாக: மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடும் நம் நோயாளிகளில், ஒரு வருஷமாக கிரியாட்டினின் பார்க்காதவர்கள் யார்? சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 30க்குக் கீழே போனால் அந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், 45க்குக் கீழே என்றால் அளவை யோசிக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஆதாரம். தெரிந்தும் விட்டுப்போகிறது.

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். பெயர், போன், மருந்து, கடைசி கிரியாட்டினின், அதன் தேதி என்று ஐந்து பத்தி இருக்கும் எக்செல் போதும். வருகிறவர்களை வரும்போதே ஏற்றுங்கள், பழைய நோட்டு முழுவதையும் உட்கார்ந்து ஏற்ற முயன்றால் இரண்டாவது வாரம் விட்டுவிடுவீர்கள். மூன்று மாதம் கழித்துத் தேதிப்படி வரிசைப்படுத்தினால் பட்டியல் தானாக மேலே வரும். போன் செய்யத் தொடங்கும்போது பாதி நம்பர் "உபயோகத்தில் இல்லை" என்று சொல்லும். அதனால் அடுத்த மூன்று மாதத்துக்கு, சீட்டு போடும் இடத்தில் பெயர் கேட்டவுடன் "இப்ப எந்த நம்பர்?" என்றும் கேட்கச் சொல்லி, மகனுடைய நம்பர் ஒன்றையும் சேர்த்து வாங்கி வையுங்கள்.